நின்றால்தான் வருகிறது

ராயபுரம்
7 ஜனவரி 2024

அக்காவுக்கு ஜூடி எழுதுவது.

முதலில் உங்கள் மடத்துத் தலைவி மதருக்கு ஸ்தோத்திரம். மதர், என் அக்கா ஜானட்டுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரிப்பது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். தாராளமாகப் படியுங்கள். படித்துவிட்டு மறக்காமல் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

அக்கா, மடத்தில் உனக்கு வைத்த புதுப் பெயர் பதினேழு வருடமாகியும் என் வாயில் நுழையவில்லை. எனக்கு நீ ஜானட்தான். உனக்குப் போன் கிடையாது, வாசல் தாண்ட அனுமதி கிடையாது, வருடத்துக்கு ஒருமுறை கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுவாய். அதனால் இந்த ராயபுரத்திலேயே இன்லேண்ட் லெட்டர் கேட்டு வாங்குகிற ஒரே மனுஷி நான்தான். இப்போது அதையும் சாபிரா அக்காதான் வாங்கி வந்து, எழுதியதைப் பெட்டியில் போடுகிறார். அவருடைய நைட்டி தைக்கிற கடையில்தான் நான் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். 'ஓட்டிக்கொண்டிருந்தேன்' என்று எழுதும்போதே வயிறு எரிகிறது.

எனக்கு லூபஸ் வந்து ஆறு வருடம் ஆகிறது. அது உனக்குத் தெரிந்த கதை. மூட்டு வலி, முகத்தில் சிவப்பு, வெயில் ஆகாது, தினமும் மாத்திரை. அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டேன். இது வேறு. தீபாவளி சமயத்திலிருந்து, நின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று காது அடைக்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. கண்ணோரத்திலிருந்து கருப்பாக மூடிக்கொண்டு வருகிறது. அப்புறம் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, சரிந்துவிடுகிறேன். முழு மயக்கமும் கிடையாது. கீழே கிடக்கும்போது சுற்றிப் பேசுவதெல்லாம் கேட்கிறது, எனக்குத்தான் வாய் எழும்பாது. கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளிகிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள், இதயத்தைப் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள். எல்லாம் நார்மலாம். நான் என்னவோ பொழுது போகாமல் வந்து விழுகிற மாதிரி அந்த டாக்டர் ஒரு பார்வை பார்த்தார் பாரு!

டிசம்பர் முதல் வெள்ளி, பங்குக் கோயில் மண்டபத்தில் செபக்கூட்டம். எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்று பாடுகிறார்கள். மின்விசிறி ஓடவில்லை. எனக்கு வந்துவிட்டது. சரிந்தேன். செபக்குழுத் தலைவி டெபோரா அக்கா மைக்கிலேயே கத்தினார்: "ஆவியானவர் எறங்கிட்டாரு! யாரும் தொடாதீங்க, அபிஷேகம்!" என் மாமியார் சலேத் அத்தை பக்கத்தில் மண்டிபோட்டு அழுதார்கள். "எம் மருமவ மேல எறங்கிகீறாரே, நா இன்னா புண்ணியம் பண்ணேன்!" இந்த வெள்ளியும் அதே கதைதான். இப்போது தெருவில் என்னைப் பார்த்தால் முக்காடு போட்டுக்கொள்கிறார்கள்.

அக்கா, விஷயத்துக்கு வருகிறேன். லூபஸ் வார்டில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருக்கிறார். "அஞ்சு நாள் அட்மிட் ஆகுங்க. நெஞ்சுல ஒயர் மாட்டி, சாய்க்கிற கட்டில்ல படுக்க வச்சு, நிக்க வச்சு, வரும்போதே பிடிக்கணும். லூபஸ் நரம்பைத் தொட்டிருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். பார்க்காம சொல்ல மாட்டேன்" என்றார். கூட இருக்க ஒரு பொம்பளை வேண்டும். வீட்டில் இருப்பது அத்தைதான். அவர்கள் மாட்டேன் என்கிறார்கள், ஆவியானவரை ஒயர் போட்டுச் சோதிக்கக் கூடாதாம்.

அத்தைக்கு பாப்பரசருக்கு அடுத்தபடி நீதான். அவர்களுக்கு ஒரு வரி எழுது. 'இது நோய், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்' என்று எழுதினால் போதும்.

ஜூடி

*

கன்னியர் மடம்
20 ஜனவரி 2024

இயேசுவில் அன்புள்ள தங்கை ஜூடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வேதனையை ஒவ்வொரு நாளும் திருப்பலியில் ஒப்புக்கொடுக்கிறேன். மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே.

உன் கடிதத்துக்கு முந்தின நாள் உன் மாமியாரிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. டெபோரா என்பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீ விழுந்தபோது உன் முகம் அவ்வளவு அமைதியாக இருந்ததாம். கூடியிருந்தவர்களில் பலருக்குக் கண்ணீர் வந்ததாம். பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த இரண்டு சகோதரர்கள் அன்றே சமாதானம் ஆனார்களாம். மாலைப் பொழுதுபோக்கு நேரத்தில் அதைச் சகோதரிகளுக்கு வாசித்துக் காட்டினேன். படுக்கையில் இருக்கும் எங்கள் மூத்த சகோதரி ஒருவர், தமக்காக நீ செபிக்க வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

தூய ஆவியார் பலவீனமான உடலைத் தேர்ந்துகொள்வதும் உண்டு. இதை நோய் என்று அவசரமாக எழுதிவிட எனக்குக் கை வரவில்லை. ஒருவேளை நோயும் இருக்கலாம், அருளும் இருக்கலாம். இறைவனுடைய திட்டம் என்ன என்று தெரியாமல் உன் மாமியாருக்கு நான் எப்படி எழுதுவேன்? கொஞ்சம் பொறுத்துப் பார்.

உனக்காகச் செபிக்கும்
அக்கா

*

ராயபுரம்
28 ஜனவரி 2024

அக்கா,

மதருக்கு ஸ்தோத்திரம். மதர், இந்தக் கடிதத்தில் கொஞ்சம் சத்தம் அதிகமாக இருக்கும், மன்னியுங்கள்.

என் முகம் அமைதியாக இருந்ததாம்! ரத்தம் இறங்கிப்போன மூஞ்சி அமைதியாக இல்லாமல் ஆடவா செய்யும்?

நின்றால்தான் வருகிறது, அக்கா. உட்கார்ந்தால் வருவதில்லை. சாபிரா அக்கா கடையில் மிஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன், ஒரு நாளும் வந்ததில்லை. தையல் பிரித்துக்கொண்டே கதை பேசிக்கொண்டிருப்பேன். வரிசையில் நின்றால் வரும், பூசையில் நின்றால் வரும், அடுப்படியில் நின்றால் வரும். ஆவியானவருக்கு நாற்காலி ஆகாதா? நீ அவருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறாய், கேட்டுச் சொல்.

இப்போது புதன்கிழமைதோறும் எங்கள் வீட்டிலேயே செபம். ஹவுசிங் போர்டு வீட்டின் முன்னறை எவ்வளவு இருந்துவிடும்? பத்து பேர் நின்றால் மூச்சு முட்டும். நாற்காலிகளையெல்லாம் எடுத்து வராந்தாவில் போட்டுவிடுகிறார்கள். நடுவில் என்னை நிறுத்திவிட்டு, சுற்றி நின்று பாடுகிறார்கள். பாடிக்கொண்டே என் முழங்காலையே பார்க்கிறார்கள், அக்கா. "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றால், "தடுக்காதம்மா, எறங்கட்டும்" என்று டெபோரா அக்கா தோளைப் பிடித்து நிமிர்த்துகிறார். நான் விழுகிறவரை யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

வேலையும் போச்சு. "அபிஷேகம் வந்த பொண்ணு, கடையில போயி நைட்டி தைக்கிறதா?" என்று அத்தை நிறுத்திவிட்டார்கள். மாடிப்படியில் விழுந்துவிடுவேன் என்று, அவர்கள் மார்க்கெட் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். குளியலறைத் தாழ்ப்பாளை என் வீட்டுக்காரர் பிராங்கிளின் கழற்றிவிட்டார். அது என் நல்லதுக்குத்தான், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தாழ்ப்பாள் இல்லாத குளியலறையும் பூட்டு போட்ட வாசலுமாக ஒரு பொம்பளை எப்படி அக்கா இருப்பாள்? மூன்றாவது மாடி ஜன்னலில் நின்றால் துறைமுகத்துக் கிரேன் தெரிகிறது. நின்றால்தான் தெரிகிறது, நிற்கத்தான் முடியவில்லை.

பிராங்கிளின் கண்டெய்னர் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் எண்ணூர் ரோட்டு லாரி வரிசையில் நின்று நின்று, வீட்டுக்கு வரும்போது பாதி உயிராக வருகிறார். அவரிடம் அழுதேன். "அம்மா ஆசப்படுது, ஜூடி. உனுக்கு கெட்டதா பண்ணுது? செபந்தானே பண்ணுது. அந்த சண்டையில என்ன இழுக்காத, எனுக்கு பேஜாரா கீது" என்றார்.

சாபிரா அக்காவே ஆஸ்பத்திரியில் கூட இருக்கத் தயார். "ஆனா செபத்துல இருக்கிற பொண்ண ஒரு துலுக்கச்சி கூட்டினு போய்ட்டான்னு பேச்சு வந்தா, அப்புறம் ரெண்டு தெருவுக்கும் சண்ட ஆயிடும்மா" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஆகவே நீதான். சண்டைக்காக எழுதவில்லை. பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூடி

*

கன்னியர் மடம்
12 பிப்ரவரி 2024

ஜூடி,

நாளை மறுநாள் சாம்பல் புதன். அன்றிலிருந்து உயிர்ப்புப் பெருவிழா வரை எங்கள் மடத்தில் கடிதம் எழுதுவதும் இல்லை, வாங்குவதும் இல்லை. வருகிற கடிதங்கள் பிரிக்காமல் அலமாரிப் பெட்டியில் இருக்கும். இது எங்கள் ஒழுங்கு, உனக்குத் தெரியும். அதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும்.

உன் மாமியாருக்கு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். எழுதவில்லை. ஏன் என்று சொல்கிறேன், மதர் படித்தாலும் படிக்கட்டும். பதினேழு ஆண்டுகளாக முழந்தாளில் இருக்கிறேன். ஒருமுறைகூட, ஒரு நொடிகூட, இறைவன் என்னைத் தொட்டதாக நான் உணர்ந்ததில்லை. சுவரோடு பேசுவது போலத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அப்படியிருக்க, சிரித்துக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் திரிகிற என் தங்கை மேல் அவர் இறங்கினார் என்று கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. கூடவே நிம்மதியாகவும் இருந்தது. நம் வீட்டில் ஒருத்திக்காவது அவர் வந்தாரே என்று. அது இல்லை என்று என் கையாலேயே எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஈஸ்டர் வரை பொறு. தவக்காலம் முழுதும் உனக்காக ஒருவேளை உணவை விட்டு ஒறுத்தல் செய்கிறேன்.

அக்கா

*

ராயபுரம்
3 மார்ச் 2024

அக்கா,

இது பெட்டியில் கிடக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

நீ செய்கிற ஒறுத்தல் எனக்கு வேண்டாம். நீ சாப்பிடு, தூங்கு. உன்னிடம் நான் கேட்டது ஒரு வரி.

தவக்காலம் என்பதால் இப்போது தினமும் செபம். தினமும் நிற்கிறேன். போன வாரம் நிஜமாகவே வந்தது. சரிந்தேன், தெளிந்தேன். அன்று பார்த்து மீஞ்சூரிலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களும் பார்க்க வேண்டும் என்று என்னை எழுப்பி மறுபடி நிறுத்தினார்கள். இரண்டாவது முறை விழுந்தபோது கிரைண்டர் விளிம்பில் தாடை கிழிந்தது. தையல் போட்டிருக்கிறது. அத்தை கையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே "அல்லேலூயா" சொன்னார்கள். துடைத்த கை நடுங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஒன்று கண்டுபிடித்தேன். விழுந்துவிட்டால் பாய் போடுகிறார்கள். தலையணை வைக்கிறார்கள், வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள், யாரும் தொடுவதில்லை. இந்த வீட்டில் எனக்குப் படுக்கக் கிடைக்கிற ஒரே வழி அதுதான். அதனால் இப்போதெல்லாம் வருவதற்கு முன்பே விழுந்துவிடுகிறேன். இரண்டாவது பாட்டு முடியும்போது, முழங்காலை மடக்கி, கையை ஊன்றி, அடிபடாமல். நடிக்கிறேன், அக்கா. நன்றாகவே நடிக்கிறேன். "இப்பல்லாம் எவ்ளோ சீக்கிரம் எறங்குறாரு!" என்று டெபோரா அக்கா சந்தோஷப்படுகிறார்.

பாயில் கண்ணை மூடிக் கிடக்கும்போது சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. இனிமேல் நான் இது நோய் என்று சொன்னால் எவன் நம்புவான்? நானே அல்லவா பொய்யாக விழுந்து காட்டிக்கொண்டிருக்கிறேன்? வெளியே வர இருந்த ஒரு வழியையும் நானே அடைத்துவிட்டேன்.

ஜூடி

*

ராயபுரம்
17 மார்ச் 2024

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நேற்று நெட்டுக்குப்பத்திலிருந்து கார்குழலி என்று ஒரு மீனவப் பெண் வந்தாள். அவளுடைய மகளுக்கு இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், அவளுக்குப் பயம். நம்ம சாமியைக் கும்பிடுகிறவள் இல்லையென்றாலும் யாரோ சொல்லிக் கேட்டு வந்துவிட்டாள். "நீயே சொல்லும்மா. பண்ணலாமா, வாணாமா? நீ இன்னா சொல்றியோ அதான்" என்று, நின்றுகொண்டிருந்த என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

பண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜம். கிடக்கிறேன். எல்லாம் கேட்கிறது. வாய் எழும்பவில்லை. அவள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். டெபோரா அக்கா என் முகத்தையே பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "பதில் வரல பாரு. கம்முனு கீறாங்கன்னா வேணான்னு அர்த்தம். செபத்துல விடு, தங்கச்சி."

அக்கா, அந்த நிமிஷம் நான் செத்தேன். உள்ளே கத்துகிறேன், ஒரு விரல்கூட அசையவில்லை.

தெளிந்தபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள். அத்தையும் கூட்டத்தை வழியனுப்பக் கீழே போயிருந்தார்கள். வாசல் வெளியே பூட்டியிருந்தது. தவழ்ந்து ஜன்னலுக்குப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவள் ஷேர் ஆட்டோ ஏறப் போகிறாள். "கார்குழலீ! ஆபரேஷன் பண்ணு! எனுக்கு ஒண்ணும் எறங்கல! எனுக்கு நோவு! நோவுடீ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தெருவே நின்று மேலே பார்த்தது. அவளும் பார்த்தாள். ஆட்டோ கிளம்பிவிட்டது. அவள் காதில் விழுந்ததா, தெரியாது. சாபிரா அக்கா கடையிலிருந்து ஓடி வந்தார். "எந்தக் குப்பம்னு சொன்னா?" என்று கீழேயிருந்து கேட்டார். "நெட்டுக்குப்பம்!" என்று நான் கத்தியதும் இன்னொரு ஆட்டோவில் ஏறினார்.

இப்போது என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ஜன்னலில் கத்தியது நான் இல்லையாம், சாத்தானாம். புனித வாரத்தில் அதை ஓட்ட உபவாச செபம் வைக்கப் போகிறார்கள். விழுந்தால் ஆவி, எழுந்தால் பேய். நான் எங்கே அக்கா இருக்கிறேன் இதில்?

ஜூடி

*

கன்னியர் மடம்
1 ஏப்ரல் 2024, உயிர்ப்புத் திங்கள்

என் ஜூடி,

இன்று காலை மதர் உன் இரண்டு கடிதங்களையும் படித்தார். மணியடித்து என்னை வரவழைப்பதுதான் வழக்கம். இன்று அவரே என் அறைக்கு நடந்து வந்து கொடுத்தார். "உட்கார்ந்து படி" என்றார்.

படித்தேன். என் தங்கச்சியின் தாடை கிழிந்தபோது நான் இங்கே ஒருவேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு பெரிய தியாகம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டது ஒரே வரி. அதை எழுத எனக்கு எது குறுக்கே வந்தது என்று உனக்கே தெரியும். நீ விழுந்ததை எனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டேன். டெபோரா செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

உன்னை நம்புகிறேன். நீ நடித்ததையும் சேர்த்தே நம்புகிறேன். படுக்க இடமில்லாதவள் வேறு என்ன செய்வாள்?

உன்னோடு ஆஸ்பத்திரியில் இருக்க என்னை வெளியே விடுங்கள் என்று மதரிடம் கேட்டேன். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். அழுதேன். இங்கு வந்ததிலிருந்து இந்தச் சுவரை நான் சுவராகப் பார்த்தது இன்றுதான்.

மாலையில் சகோதரிகள் எல்லார் முன்பும் எழுந்து நின்று, என் தங்கைக்கு இருப்பது நோய், நான் வாசித்துக் காட்டியது தவறு என்று சொல்லிவிட்டேன். உன் மாமியாருக்கு எழுதிய கடிதத்தைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

'சலேத் அம்மாவுக்கு ஜானட் எழுதுவது. ஜூடிக்கு வருவது நோய். அவளை நிற்க வைக்காதீர்கள். நீங்களே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் பக்கத்தில் இருங்கள். நான் வர முடியாத இடத்தில் இருக்கிறேன். எனக்குப் பதிலாக நீங்கள் இருங்கள்.'

கீழே மதர் தாமாகவே கையெழுத்துப் போட்டார். "அந்தப் பெண் எனக்கும்தானே எழுதுகிறாள்" என்றார்.

ஜானட்

*

பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
16 ஏப்ரல் 2024

ஜானட் அக்காவுக்கும் மதருக்கும்,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். நெஞ்சில் ஆறேழு ஒயர். இடுப்பில் ஒரு பெட்டி. குளியலறைக்கு எழுந்தால்கூட இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

புனித வாரத்து உபவாச செபத்தைப் பற்றி எழுத மனம் வரவில்லை, கம்பிவலையில் பார்க்கும்போது சொல்கிறேன். நீ அத்தைக்கு எழுதிய கடிதத்தை பிராங்கிளின்தான் வாசித்துக் காட்டினார். அத்தை உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று சாயந்திரம் டெபோரா அக்கா வந்தபோது, வாசலைப் பாதி திறந்து, "இன்னிக்கு செபம் இல்ல, போய்ட்டு வா" என்றார்கள். டெபோரா அக்கா என்னவோ சொல்ல ஆரம்பிக்க, "போய்ட்டு வான்னு சொன்னேன்ல!" என்று சாத்திவிட்டார்கள். மறுநாள் காலை பிளாஸ்கையும் பாயையும் கட்டிக்கொண்டு, "கெளம்புடி. ரெண்டு நைட்டி எடுத்துக்க" என்றார்கள்.

கார்குழலி மகளுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. சாபிரா அக்கா குப்பத்துக்கே போய்ச் சொல்லியிருக்கிறார். பொண்ணு நன்றாக இருக்கிறாளாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

எனக்கு என்ன என்று இன்னும் தெரியவில்லை. சாய்க்கிற கட்டிலில் ஒருமுறை பார்த்தாயிற்று, அன்று பார்த்து ஒன்றும் வரவில்லை. "பேர் தெரியாமப் போனாலும் போகலாம். ஆனா இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம்.

முந்தாநாள் அத்தை ஆரஞ்சு உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், தானாகவே பேசினார்கள்.

"எனுக்குத் தெரியாம இல்லடி. அந்த ரத்தத்த தொடச்சனே, அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் அத்த?"

"நோவுன்னா நீ செத்துப் பூடுவ. உங்க மாமா அப்டிதான் நின்னுகினு இருந்தவரு போனாரு. ஆவின்னா சாவ மாட்டல்ல? அதான்."

எனக்குக் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி இருக்கிறது. ஆனால் அந்த ஆரஞ்சை வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்று காலை நர்ஸ் என்னைக் கட்டில் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நின்றேன். வார்டே வேடிக்கை பார்த்தது. காது அடைத்தது. கண்ணோரம் கருத்தது. முழங்கால் மடங்கியது, ஆனால் தரை வரவில்லை. இரண்டு கை என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தது. வாய் எழும்பாவிட்டாலும் எனக்கு எல்லாம் கேட்குமே, அக்கா. என் காதுக்குப் பக்கத்தில் அத்தை தொண்டை கிழியக் கத்தினார்கள். அல்லேலூயா என்று இல்லை.

"நர்சம்மா! ஓடியாங்க! எம் பொண்ணு வுழறா!"

ஜூடி